இறங்கி ஏறும் இடம்

கோயம்பேட்டில் விடியற்காலை நாலரை மணி. பூ மார்க்கெட்டிலிருந்து வந்த ஓர் அம்மா இரண்டு சாக்குகளை நடைமேடையில் இறக்கிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒன்றில் சாமந்தி, இன்னொன்றில் அரளியும் துளசியும். சாக்கின் தையல் வழியாக ஈரம் கசிந்து தரையில் சின்னதாக ஒரு வட்டம் போட்டிருந்தது. மதுராந்தகத்தில் கோயில் பக்கம் அவருக்குப் பூக்கடை. வாரத்தில் மூன்று நாள் இப்படி வருகிறாராம்.

"முன்னெல்லாம் இங்க ஒரு வண்டில ஏத்திட்டா மதுராந்தகத்துலதான்மா இறக்குவேன். கண்டக்டரே ஒரு கை பிடிப்பாரு. இப்ப கிளாம்பாக்கத்துல இறக்கி, திரும்பத் தூக்கி, அந்தப் பக்கம் கொண்டுபோய் ஏத்தணும். பூவு வெயிட்டு இல்ல. சாக்குதான் பெருசு, படில மாட்டிக்கும்."

இரண்டு டீலக்ஸ் வண்டிகளை விட்டுவிட்டு, சாதாரணக் கட்டண வண்டிக்காக நின்றோம். பெண்களுக்கு அதில்தான் காசு கிடையாது. 70வி வந்ததும் ஒரு சாக்கின் அடிமுனையை நான் பிடித்துக்கொண்டேன். அவர் சொன்னது சரிதான், கனமே இல்லை. ஆனால் படிக்கட்டின் நடுக்கம்பியில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. பின்னால் நின்ற பையன் ஒருவன் கீழிருந்து தள்ளிய பிறகுதான் ஏறியது.

எனக்குத் திண்டிவனத்தில் சித்தி வீடு இருக்கிறது. அயனாவரத்திலிருந்து அங்கே போய்வருவது பல வருடப் பழக்கம். இந்த முறை அவசரமில்லாமல், இடையிடையே இறங்கி, உட்கார்ந்து, பார்த்துக்கொண்டே போவது என்று கிளம்பினேன். தாம்பரத்துக்குத் தெற்கே ஊர் வளர்கிற வேகத்துக்கு ஏற்றபடி பேருந்துத் தடங்களை மாற்றி அடுக்குகிறார்கள். அதைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் ஏக்கர் கணக்கையும் கோடிக் கணக்கையும்தான் சொல்கிறார்கள். ஒரு வண்டியிலிருந்து இறங்கி அடுத்த வண்டியில் ஏறும்வரை ஒருவர் படும் பாடு எவ்வளவு என்பதை நான் என் கண்ணால் பார்க்க விரும்பினேன்.

என் சின்ன வயதில் திண்டிவனம் போவதென்றால் பாரிமுனைக்குத்தான் போக வேண்டும். அப்பா ஒரு கையில் பெட்டியும் ஒரு கையில் நானுமாக, எஸ்பிளனேடு பக்கம் வண்டிகளுக்கு நடுவே புகுந்து போவார். பெட்ரோல், வறுகடலை, உயர்நீதிமன்றத்தின் சிவப்புச் சுவர் எல்லாம் சேர்ந்ததுதான் எனக்கு ஊருக்குப் போகும் நினைவு. 2002 நவம்பரில் கோயம்பேடு பேருந்து நிலையம் திறந்தபோது, இவ்வளவு தூரம் யார் போவார்கள் என்று எங்கள் தெருவில் பேசினார்கள். ஏறக்குறைய 37 ஏக்கர், அப்போது அது ஊரின் ஓரம். இருபது வருடத்தில் அதைச் சுற்றி ஊர் நிரம்பி, அது நடு ஊராகிவிட்டது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தைய இரவில், கோயம்பேட்டில் கிளம்பிய வண்டி பெருங்களத்தூரைத் தாண்டவே மணிக்கணக்கில் ஆகும். ஊருக்குப் போகும் பாதி நேரம் ஊருக்குள்ளேயே கழிந்துவிடும்.

2018இல் ஆந்திரா போகும் வண்டிகள் மாதவரத்துக்கு மாறின. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம் திறக்கப்பட்டது. 88.52 ஏக்கர், சுமார் 394 கோடி ரூபாய். முதலில் அரசு விரைவுப் பேருந்துகள் போயின. 2024 ஜனவரி முடிவதற்குள் ஆம்னி வண்டிகளும் தென்மாவட்டங்களுக்குப் போகும் மற்ற அரசு வண்டிகளும் போய்விட்டன. காஞ்சிபுரம், வேலூர் பக்கத்து வண்டிகளைக் கோயம்பேட்டிலேயே விட்டுவைத்தார்கள்.

மாற்றியதற்கான காரணத்தில் எனக்கு மறுப்பே இல்லை. கோயம்பேட்டுக்கும் கிளாம்பாக்கத்துக்கும் நடுவே 25 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. மதுரையிலிருந்து ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு வரும் நீளமான வண்டி, மாநிலத்திலேயே நெரிசல் மிகுந்த சாலைகளில் ஒன்றில் அந்தத் தூரத்தை ஊர்ந்து கடந்து, திரும்பவும் ஊர்ந்து வெளியேற வேண்டியிருந்தது. ஓட்டுநர்கள் ஒரு நடையை 'சிங்கிள்' என்பார்கள். நெரிசலில் தொலையும் நேரம் மிச்சமானால், அதே வண்டி, அதே ஆட்களை வைத்து இன்னும் ஒரு சிங்கிள் அடிக்க முடியும். பேருந்துக் கழகத்துக்கு அது உண்மையான ஆதாயம். ஆனால் அந்த 25 கிலோமீட்டர் எங்கும் போய்விடவில்லை. பேருந்தின் தலையிலிருந்து இறங்கி, பயணியின் தலைக்கு மாறியிருக்கிறது. அதை அவருக்கு எவ்வளவு இலேசாக்கித் தருகிறோம் என்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது.

வடபழனி, அசோக் பில்லர் தாண்டி வண்டி கத்திப்பாராவுக்கு வந்தபோது வெளிச்சம் வரத் தொடங்கியிருந்தது. 2008இல் அந்த மேம்பாலத்தைத் திறந்தபோது அது கார்களுக்கான பாலம். கீழே நடப்பவருக்கு வழியே தெரியாது. 2021இல் பாலத்தின் அடியில் கிடந்த வெற்றிடத்தை ஒழுங்குசெய்து, பேருந்துகள் நிற்க இடம் விட்டு, பக்கத்து ஆலந்தூர் மெட்ரோவோடு நடந்து சேரும்படி செய்தார்கள். நிழல் இருக்கிறது. பேருந்து வரும் திசையைப் பார்த்தபடி நிற்கலாம். இந்தப் பாதையில் எனக்கு மனநிறைவு தந்த இடங்களில் இது ஒன்று.

பல்லாவரம், குரோம்பேட்டை என்று ஜி.எஸ்.டி. சாலையில் வண்டி போகும்போது பக்கத்திலேயே மின்ரயிலும் ஓடிவரும். கடற்கரை–தாம்பரம் மின்ரயில் 1931இல் வந்தது. தாம்பரம் வளர்ந்ததே அந்தத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டுதான். 2021இல் அது மாநகராட்சியும் ஆகிவிட்டது. தண்டவாளத்தின் இரு பக்கமும் பேருந்து நிற்கும், "வெஸ்ட்" ஒரு பக்கம், "ஈஸ்ட்" ஒரு பக்கம். எந்தப் பக்கம் இறங்கினோம் என்பதைப் பொறுத்து, ரயில்வே படிக்கட்டு ஏறி இறங்குவதா வேண்டாமா என்பது முடிவாகும். முழங்கால் வலிக்காரருக்கு ஊரின் வரைபடமே அந்தப் படிக்கட்டுதான்.

தாம்பரத்தில் ஒரு பாட்டி ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். மஞ்சள் துணிப்பையில் முறுக்கு டப்பா, மேலே ஒரு குழந்தைச் சட்டை.

"எங்க ஆயா?" என்றார் கண்டக்டர்.

"கேளம்பாக்கம்பா. பொண்ணு வீட்டுக்கு."

"இது கிளாம்பாக்கம் போற வண்டி ஆயா. கேளம்பாக்கம் வேற, கிளாம்பாக்கம் வேற."

பாட்டி என்னைப் பார்த்தார். "போர்டுல பாக்கம்னு போட்டிருந்துச்சே கண்ணு."

போட்டுத்தான் இருந்தது. கிளாம்பாக்கம் ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது, கேளம்பாக்கம் பழைய மாமல்லபுரம் சாலையில். நடுவில் பதினெட்டு கிலோமீட்டர் நீளத்துக்கு வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை. காதுக்கும் கண்ணுக்கும் அரை எழுத்து வித்தியாசம்தான். உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் கிளாம்பாக்கம் தெரிந்திருந்த வரையில் குழப்பமில்லை. மாநிலம் முழுவதற்கும் அது வாசலாகும்போது, பெயரை ஒட்டியே ஓர் எண்ணோ நிறமோ படமோ வைத்திருக்க வேண்டும். எழுத்தைத் தட்டுத்தடுமாறிப் படிப்பவர்கள்தான் பேருந்தை அதிகம் நம்பி வாழ்கிறார்கள். பலகை அவர்கள் கண்ணுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

கண்டக்டர் பொறுமைசாலி. "வண்டலூர்ல இறக்கி விடறேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் போய் நில்லு. யாரையாச்சும் கேட்டு ஏறு, போர்ட நம்பாத" என்றார். வண்டலூர் நிறுத்தத்தில் விசில் ஊதாமல் கையைத் தட்டி வண்டியை நிறுத்தி, பாட்டி இரண்டு காலும் தரையில் ஊன்றும்வரை கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

வண்டலூர் இன்று பல சாலைகளின் முடிச்சு. இங்கிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டருக்கு வெளிவட்டச் சாலை போகிறது. கிழக்கே கேளம்பாக்கம் சாலை. உயிரியல் பூங்காவை 1985இல் இங்கே திறந்தபோது, மாநகரத்துக் குழந்தைகள் சோறு கட்டிக்கொண்டு சுற்றுலா வந்த தூரம் இது. இப்போது அதையும் தாண்டித்தான் ஊரின் வாசல் இருக்கிறது.

கிளாம்பாக்கத்தில் இறங்கினோம். முனையத்தின் ஒரு பக்கம் மாநகரப் பேருந்துகள், பெரிய கட்டடத்தில் வெளியூர்ப் பேருந்துகள். கட்டடம் நன்றாக இருக்கிறது. உயரமான கூரை, வெளிச்சம், உட்கார இருக்கைகள். இரவில் தனியாகக் காத்திருக்கும் பெண்ணுக்கு இந்த வெளிச்சம் எவ்வளவு தைரியம் தரும் என்பது எனக்குத் தெரியும், பாரிமுனையின் இருட்டில் நின்றிருக்கிறேன். முதியவர்களை ஏற்றிப்போக பேட்டரி வண்டியும் ஓடுகிறது. பூக்கார அம்மா அதற்குக் காத்திருக்கவில்லை, பூ வாடிவிடும். ஒரு சாக்கைத் தலையிலும் இன்னொன்றை இடுப்பிலுமாக வைத்து நடந்தார். வழியில் மூன்று முறை இறக்கி வைத்தார். ஒவ்வொரு முறையும் மேல்சாக்கைத் திரும்பத் தலைக்கு ஏற்ற யாராவது வரும்வரை நிற்க வேண்டியிருந்தது. முதல் தடவை நான் கைகொடுத்தேன், அடுத்த இரண்டுக்கும் போகிறவர் வருகிறவர். அவருடைய பயணத்தில் புதிதாகச் சேர்ந்த பாரம் அந்த நடைதான். விழுப்புரம் வண்டியில் ஏறி, ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, "சீக்கிரம் ஊருக்குப் போய்ச் சேருங்க" என்றார். நான் இங்கேயே உட்காரப்போகிறேன் என்றதும் அவருக்கு ஆச்சரியம்.

உண்மையாகவே மூன்று மணி நேரம் மாநகரப் பேருந்துகள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். 21ஜி வந்தது, 70வி வந்தது, எதிர்த் திசையிலிருந்து செங்கல்பட்டு வண்டிகள் சாலையோடு போயின. உட்கார்ந்தபடி நோட்டில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து ஊரிலிருந்து பத்து இடத்துக்கு நேர் வண்டி விட்டால் நூறு தடம் வேண்டும். கையில் இருப்பது நூறு வண்டி என்றால் தடத்துக்கு ஒன்றுதான். அது போய்வர இரண்டு மணி நேரம் ஆனால், தவறவிட்டவர் இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். நடுவில் ஒரு சந்திப்பு வைத்து எல்லாத் தடத்தையும் அங்கே சேர்த்தால் இருபது தடம் போதும், தடத்துக்கு ஐந்து வண்டி. தடமும் பாதியாகக் குறைவதால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி கிடைத்துவிடும். தடங்களைத் திருத்தி அமைப்பதன் தத்துவம் இவ்வளவுதான். நேர் வண்டி என்ற சுகத்தைக் கொடுத்துவிட்டு, அடிக்கடி வண்டி என்ற சுகத்தை வாங்குகிறோம்.

இந்தப் பண்டமாற்று நியாயமானது, வாங்க வேண்டியதை உண்மையிலேயே வாங்கினால். நேர் வண்டியை எடுத்த அன்றைக்கே அடிக்கடி வண்டியும் வந்திருக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் ஓர் இரவு, திருச்சி பக்கம் போக வண்டி போதவில்லை என்று பயணிகள் இந்தச் சாலையிலேயே மறியலில் உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு நள்ளிரவில் நிற்கிறவருக்குத் தடவரைபடத்தின் அழகு புரியாது, புரிய வேண்டியதும் இல்லை.

காரியங்கள் நடந்த வரிசையும் என்னை உறுத்தியது. முனையத்துக்கு 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். எதிரே சாலைக்கு அந்தப் பக்கம் தண்டவாளம், நிமிடக் கணக்கில் மின்ரயில் ஓடும் தண்டவாளம். வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவே ஒரு புது ரயில் நிலையம், அங்கிருந்து சாலைக்கு மேலாக முனையத்துக்கு நடைமேம்பாலம் என்று திட்டம் இருந்தும், அந்த வேலைகள் முனையம் திறந்த பிறகுதான் சூடுபிடித்தன. விமான நிலையத்தோடு நிற்கும் மெட்ரோவை 15 கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீட்டி இங்கே கொண்டுவரும் திட்டம் அதற்கும் பின்னால் நிற்கிறது. வீட்டுக்கு முதலில் வாசற்படி போட்டுவிட்டுத்தான் குடிபோக வேண்டும். இங்கே குடிபோன பிறகுதான் படி கட்டத் தொடங்கினார்கள். அதுவரை வயதானவர்களும் குழந்தைகளும் குதித்து ஏறிக்கொண்டிருந்தார்கள்.

வெயில் ஏறியதும் ஷேர் ஆட்டோ பிடித்துக் கூடுவாஞ்சேரிக்குள் போனேன். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, ஆதனூர், மண்ணிவாக்கம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் புதுச் சுவர்கள், மனைப் பிரிவுக் கற்கள், பாதி எழும்பிய அடுக்ககங்கள். செங்கல்பட்டு 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. மறைமலை நகரின் தொழிற்சாலைகளும் மகேந்திரா சிட்டியும் வேலைக்கு இழுக்கின்றன, சென்னை வாடகை இந்தப் பக்கம் தள்ளுகிறது. இப்படி வந்து சேர்ந்தவர்களுக்கு மதுரை வண்டியைப் பற்றிக் கவலை வருடத்தில் நாலு நாள்தான். தினமும் வேண்டியது வீட்டு முனையிலிருந்து ஜி.எஸ்.டி. சாலைவரை ஒரு வண்டி.

"காலைல ஆறு மணிக்கு கம்பெனி ஷிப்ட்டு ஆளுங்க, எட்டு மணிக்கு காலேஜ் பசங்க, பத்து மணிக்கு ஆஸ்பத்திரி போறவங்க. அப்புறம் சாயந்தரம்தான்க்கா" என்றார் ஆட்டோ ஓட்டிய தம்பி. "நடுவுல நான் வண்டிய ஓரங்கட்டிட்டுத் தூங்குவேன். அந்த நேரத்துல யாராச்சும் வந்தா நடந்துதான் போகணும்." அவர் சொன்ன மூன்று வரிகளில் ஒரு கால அட்டவணையே இருந்தது. தடங்களை வரைகிறவர்கள் ஒரு வாரம் இவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தால் போதும்.

2013இல் சென்னையில் சிற்றுந்துகள் வந்தபோது, பெரிய வண்டி நுழையாத தெருக்களிலிருந்து ரயிலுக்கும் பிரதான சாலைக்கும் ஆட்களைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் நோக்கம். அந்த யோசனை இந்தப் பக்கத்துக்குத்தான் இன்று மிகப் பொருத்தம். செங்கல்பட்டு ஏரிகளின் மாவட்டம். கூடுவாஞ்சேரி தேநீர்க் கடையில் பேசிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "ஏரி வெட்டியாச்சும்மா, வாய்க்காலுக்குத்தான் யாரையும் காணோம்" என்றார். முனையத்தைத்தான் சொன்னார். நந்திவரம் ஏரிப் பாசனத்தில் ஒரு காலத்தில் நெல் விளைவித்தவர் அவர். மதகு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கடைமடை வயலில் ஈரம் தெரிந்தால்தான் பாய்ச்சல் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

காசு விஷயமும் உண்டு. சாதாரண வண்டியில் குறைந்த கட்டணம் ஐந்து ரூபாய். வண்டி மாறினால் டிக்கெட் தொடராது, அடுத்த வண்டியில் முதல் ஸ்டேஜிலிருந்து திரும்பவும் எடுக்க வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குச் சாதாரண வண்டியில் கட்டணம் இல்லை என்பதால், தடத்தை இரண்டாக வெட்டினாலும் எங்களுக்குப் பணம் கூடவில்லை. வெட்டியதன் விலையைக் கொடுப்பவர் கூலி வேலைக்குப் போகும் ஆண். ஆயிரம் ரூபாய் மாதப் பாஸ் இருக்கிறது, ஆனால் ஒரே நாளில் ஆயிரம் ரூபாயை எடுத்து வைக்க முடிந்தவருக்குத்தான் அது உதவும். 2025 செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்' செயலியில் பேருந்து, மின்ரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்கலாம். நல்ல தொடக்கம். தாளில் கிழித்துக் கொடுக்கும் டிக்கெட்டுக்கும் அந்த வசதி வர வேண்டும். ஒரு டிக்கெட், இரண்டு மணி நேரம், எத்தனை வண்டி மாறினாலும் செல்லும் என்று ஆக்கினால், வண்டி மாறுவதற்குத் தண்டம் கட்டுகிற நிலை ஒழியும்.

மதியம் கிளாம்பாக்கம் திரும்பித் திண்டிவனம் வண்டி ஏறினேன். இரண்டு நாள் சித்தி வீட்டில். அதைப் பற்றி இங்கே சொல்ல ஒன்றுமில்லை, தூங்கினேன், சாப்பிட்டேன்.

திரும்பும்போது வேண்டுமென்றே நள்ளிரவு தாண்டிக் கிளம்பினேன். தென்மாவட்டத்து இரவு வண்டிகள் பெரும்பாலும் விடியற்காலையில்தான் கிளாம்பாக்கம் வந்து சேரும். முன்பானால் தூக்கம் கலையாமல் கோயம்பேடுவரை போய் இறங்கலாம். இப்போது மூன்றரை மணிக்கு விளக்கைப் போட்டு, "கிளாம்பாக்கம், எல்லாரும் இறங்குங்க" என்று குரல் வரும். தூக்கக் கண்ணோடு மூட்டையை எண்ணி, குழந்தையைத் தோளில் போட்டு, செருப்பைத் தேடி இறங்குகிறவர்களை அன்று பார்த்தேன். அடுத்த வண்டி எங்கே என்று அவர்கள் யாரையும் கேட்கவில்லை, முன்னால் போகிறவர்களின் முதுகைப் பார்த்து நடந்தார்கள். நானும் அப்படித்தான் நடந்தேன்.

மாநகரப் பேருந்துகள் பக்கம் ஒரு வண்டி இன்ஜின் ஓடியபடி தயாராக நின்றது. முக்கால்வாசி நிறைந்திருந்தது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக் கையசைத்தார், கிளம்பலாம் என்று. கண்டக்டர் விசிலை உதட்டில் வைத்தவர், ஊதாமல் எடுத்துவிட்டு வெளியே எட்டிப் பார்த்தார். டைம் ஆபீஸ் பக்கமிருந்து யாரோ, "திருச்சி வண்டி இப்பதான்ணா உள்ள வந்துச்சு" என்று குரல் கொடுத்தார்.

"எத்தன பேரு?"

"இறங்கறாங்க. இந்தப் பக்கம்தான் வர்றாங்க."

ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார். ஏறியிருந்தவர்களில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை, இவர்களும் இப்போதுதானே நடந்து வந்தவர்கள். விளக்கு வெளிச்சத்தில் ஒரு குடும்பம் வேகமாக வந்துகொண்டிருந்தது. முன்னால் பெட்டியோடு ஓர் ஆண், அவர் தோளில் தூங்கும் பையன், பின்னால் ஒரு பெண், அவர் கையைப் பிடித்தபடி மெல்ல நடக்கும் ஒரு பெரியவர். கண்டக்டர் படியிலிருந்து இறங்கிப் போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"கோயம்பேடுங்களா?" என்றார் அந்தப் பெண், மூச்சு வாங்க.

"கோயம்பேடுதாம்மா. மெதுவா வாங்க, நிக்குது."

பெரியவர் படியில் ஏறி, கம்பியைப் பிடித்து, என் முன்னாலிருந்த இருக்கையில் உட்கார்ந்தார். கண்டக்டர் இன்னொரு முறை வெளியே எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. அப்புறம்தான் விசில் ஊதினார்.